டெல்டா பள்ளிகளுக்குச் சுடுதளம் வேண்டும்

2023 அக்டோபர் 1. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. டிராப் துப்பாக்கி சுடுதலில் இந்தியப் பெண்கள் அணிக்கு வெள்ளிப் பதக்கம். மேடையேறிய மூவரில் ராஜேஸ்வரி குமாரி, பாட்டியாலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை ரண்தீர் சிங், 1978 பாங்காக் ஆசியப் போட்டியில் இதே டிராப்பில் தங்கம் வென்றவர். ராஜேஸ்வரியின் பக்கத்தில் நின்ற மனீஷா கீர், போபால் பெரிய ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கும் வீட்டுப் பெண். மூன்றாமவர் ப்ரீத்தி ரஜக். மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சியில் சலவைக் கடை வைத்திருப்பவரின் மகள்.

அதே நாளில் ஆண்கள் அணி 361 புள்ளிகளோடு தங்கம் வாங்கியது. கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் அந்த அணியில் இருந்த பிருத்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. காலையில் பேருந்து ஏறினால் பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் காவிரி டெல்டாவில், ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவி இந்த விளையாட்டை நேரில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. மனீஷா நின்ற மேடையில் அவளும் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். ஆனால் வீட்டாரின் பணத்தாலோ ஊர் ஆர்வத்தாலோ மட்டும் அது நடக்காது. அரசு முன்வந்து செய்ய வேண்டிய வேலை அது.

டிராப் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால், தரைமட்டத்துக்குக் கீழே நீளமாக ஒரு குழி. அதற்குள் மூன்று மூன்றாக ஐந்து தொகுதி, மொத்தம் 15 எறிபொறிகள். சுடுபவர் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் அணைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, ஒரு குரல் கொடுக்கிறார். காலடியில் இருக்கும் ஒலிவாங்கி அதைப் பிடித்த மாத்திரத்தில், தனக்கு எதிரே உள்ள மூன்று பொறிகளில் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு கிளம்புகிறது. எது என்று அவருக்குத் தெரியாது. 11 சென்டிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். இடப்பக்கம் போகலாம், வலப்பக்கம் போகலாம், தரையை ஒட்டியும் போகலாம். கண் அதைப் பிடித்து, உடல் திரும்பி, குழல் தட்டை முந்திப் போய், விரல் விசையை அழுத்துவதெல்லாம் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். முதல் தோட்டா தவறினால் இரண்டாவது உண்டு. அதற்குள் தட்டு இன்னும் தள்ளிப் போயிருக்கும். 25 தட்டு ஒரு சுற்று. தகுதிச் சுற்றில் மொத்தம் 125 தட்டு.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நடக்கும்போது குழலை மடக்கித் திறந்து வைத்துத்தான் நடக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இந்த விதியை மீறுபவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் தளத்தில் நிற்க முடியாது. முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடும் பிள்ளைக்குச் சுடச் சொல்லித் தருவதற்கு முன் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

பிருத்விராஜின் பாரிஸ் கணக்கு இந்த விளையாட்டின் குணத்தை நன்றாகக் காட்டும். 2024 ஒலிம்பிக்கில் முதல் நாள் மூன்று சுற்றில் அவர் 75-க்கு 68 எடுத்தார். முப்பது பேர் களத்தில் முப்பதாவது இடம். மறுநாள் மீதி இரண்டு சுற்றிலும் ஒரு தட்டையும் விடவில்லை, 50-க்கு 50. மொத்தம் 118, இறுதியில் 21-வது இடம். பதக்கம் இல்லை. ஆனால் கடைசி இடத்தில் படுத்து எழுந்தவர் மறுநாள் வந்து ஐம்பது தட்டையும் உடைக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் சிறு வயதிலிருந்து உடைத்த ஆயிரக்கணக்கான தட்டுகள் இருக்கின்றன. அவர் தந்தை ராஜகோபால தொண்டைமானும் டிராப் வீரர். வீட்டிலேயே துப்பாக்கி, ஊரிலேயே தளம், குருவாகத் தந்தை. 2023 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியபோது அவருக்கு வயது 35. இந்த விளையாட்டு அவ்வளவு காலம் கேட்கிறது, அவ்வளவு செலவும் கேட்கிறது.

இந்தியாவில் டிராப்பின் வரலாறே அரண்மனை வரலாறுதான். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960-லிருந்து 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். 1962-ல் கெய்ரோ உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். டெல்லி துக்ளகாபாத்தில் 1982 ஆசியப் போட்டிக்குக் கட்டிய சுடுதளம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. போட்டிக்கு உகந்த ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி பல லட்சம் ரூபாய். அதற்குமேல் தோட்டா, தட்டு, தளக் கட்டணம், பயணம். தகுதிச் சுற்று ஒன்றுக்கே குறைந்தது 125 தோட்டா வேண்டும் என்றால், பயிற்சிக்கு எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குத்தகைக்கு மூன்று மா சாகுபடி செய்கிறவர் வீட்டிலிருந்து இந்தச் செலவு வராது.

அப்படியென்றால் போபால் மீனவர் வீட்டிலிருந்து எப்படி வந்தது? மத்தியப் பிரதேச அரசு 2007-ல் போபாலில் துப்பாக்கி சுடுதல் அகாடமி ஒன்றைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் தேர்வு நடத்திப் பிள்ளைகளை எடுத்தது. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, துப்பாக்கி, தோட்டா எல்லாம் அரசுப் பொறுப்பு. முன்னாள் ஒலிம்பிக் வீரர் மன்ஷேர் சிங் டிராப் பயிற்சியாளர். அக்காவோடு தேர்வுக்குப் போன மனீஷா கீர் அப்படி உள்ளே வந்தவர். 2018-ல் தென்கொரியாவின் சாங்வானில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜூனியர் பெண்கள் டிராப் வெள்ளியை வாங்கினார். ப்ரீத்தி ரஜக்கும் அந்த அகாடமிக்காரர்தான். 2022 டிசம்பரில் ராணுவத்தில் ஹவில்தாராகச் சேர்ந்தார், 2024 ஜனவரியில் சுபேதார் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் பெண் அவர். ‘விளையாடினால் சோறு கிடைக்குமா’ என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

பாட்டியாலா இளவரசிக்குத் தந்தை கொடுத்ததை, மீனவர் மகளுக்கு ஒரு மாநில அரசு கொடுத்தது. ஹாங்சோவில் இருவருக்கும் கிடைத்தது ஒரே பதக்கம். தமிழ்நாடு அரசு பார்க்க வேண்டிய பாடம் இது.

பள்ளியிலிருந்தே தொடங்கிய கதைகளும் நம் நாட்டில் உண்டு. பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர், ஹரியாணாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துக் கோரியா கிராமத்தில் தான் படித்த பள்ளியிலிருந்த சுடுதளத்தில்தான் முதலில் துப்பாக்கி பிடித்தார். உத்தரப் பிரதேசம் பாக்பத் பக்கத்து ஜோஹ்ரி கிராமத்தில் ஒரு சாதாரண ரைபிள் கிளப், கரும்புக்காட்டுப் பிள்ளைகளைத் தேசியப் போட்டிக்கு அனுப்பியது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போன சந்திரோ தோமர் அறுபது வயதுக்குமேல் தானும் சுடக் கற்று, நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். அந்த ஊரில் தளம் இருந்தது, சொல்லித் தர ஆள் இருந்தார். மற்றதை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், பத்து மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் கண்டவர். 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். அவர் வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தின் அகமதாபாத்தில், ககன் நாரங்கின் பயிற்சி மையத்தில். குடும்பம் கடலூரிலேயே இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கையில் ஒரு ரைபிள் வந்திருக்குமா? கொள்ளிடத்துக்கு இரு பக்கமும் எத்தனை இளவேனில்கள் கணக்கில் வராமலே போயிருப்பார்கள் என்ற ஆதங்கம் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம்.

பள்ளி அணிகள் என்று பேசினால் அமெரிக்காவைத் தவிர்க்க முடியாது. மினசோட்டா மாநிலத்தில் 2001-ல் ஜிம் சேபிள் என்பவர், தன் துப்பாக்கி கிளப்புக்கு இளைஞர்களே வருவதில்லை என்று கவலைப்பட்டு, பள்ளி மாணவர்களை அழைத்துவந்து தட்டு சுடப் பழக்கினார். அது பள்ளிகளுக்கிடையே ஒரு லீக்காக வளர்ந்தது. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியர் விளையாடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே சேரலாம். பாதுகாப்புச் சான்றிதழ் வாங்காமல் யாரும் தளத்தில் கால் வைக்க முடியாது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சுடுகிறார்கள். பெஞ்சில் உட்காரவைக்கப்படும் மாற்று ஆட்டக்காரர் என்று யாரும் இல்லை, சேர்ந்த எல்லாரும் சுடுவார்கள். அவரவர் ஊர்த் தளத்திலேயே சுட்டு, புள்ளியை இணையத்தில் பதிவு செய்தால் போட்டி நடந்ததாகக் கணக்கு. வேறு ஊருக்குப் போகும் செலவு மிச்சம். ஜூன் மாதத்தில் அலெக்சாண்ட்ரியா என்ற சிற்றூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூடுகிறார்கள்.

இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, விட்டுவிட வேண்டியதும் இருக்கிறது. அங்கே மாணவன் பெரும்பாலும் வீட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவருகிறான், பயிற்சி முடிந்ததும் அது வீட்டுக்கே திரும்பிப் போகிறது. வீடுதோறும் துப்பாக்கி இருக்கும் நாட்டில் என்ன நடக்கிறது என்று உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே மினசோட்டாவில், 2025 ஆகஸ்ட் 27 அன்று, மினியாபொலிஸ் நகரின் பள்ளித் தேவாலயம் ஒன்றில் வழிபாட்டில் இருந்த பிள்ளைகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பள்ளி லீக்குக்கும் அந்தக் கொடுமைக்கும் தொடர்பு இல்லை. ஆனால் துப்பாக்கி வீட்டில் கிடக்கும் ஒரு சமூகத்தின் வழக்கத்தை நாம் இறக்குமதி செய்யக் கூடாது. இங்கே அமைக்கும் பள்ளி அணியில் துப்பாக்கியும் தோட்டாவும் தளத்தின் பூட்டிய அறையைத் தாண்டக் கூடாது. பிள்ளை வெறுங்கையோடு வர வேண்டும், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

டெல்டாவில் துப்பாக்கிக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. துப்பாக்கி என்றால் மிராசுதார் வீட்டுச் சுவரில் தொங்கிய இரட்டைக் குழல். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிவரும் அந்தஸ்து. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது, தாக்க வந்தவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது. கூலி கேட்டவர்கள்மீது அது திரும்பியது. அந்த மண்ணில் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பவர், இந்த நினைவை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. அதனால்தான் இந்த விளையாட்டு தனியார் கிளப்பிலோ பணக்காரப் பள்ளியிலோ அல்லாமல் அரசுப் பள்ளியில் தொடங்க வேண்டும் என்று இங்கே வலியுறுத்தப்படுகிறது. யார் கையில் துப்பாக்கி இல்லாமல் இருந்ததோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே முதலில் தளத்துக்கு வரட்டும். திருச்சி–தஞ்சாவூர் சாலையை ஒட்டிய தேவராயனேரியில் வாழும் நரிக்குறவர் குடும்பங்களின் பிள்ளைகளையும் இதில் மறந்துவிடக் கூடாது. பறக்கும் பறவையின் போக்கைக் கண்ணால் அளக்கத் தெரிந்த முன்னோர்களின் வேட்டைப் பிழைப்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்ந்தது 2023-ல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இடம் கொடுப்பது நியாயமான கடன்.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் கண்டிப்பாகப் பேச வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்தில், பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாலைந்து நாள் போராடி அந்தப் பிள்ளை இறந்துபோனான். அந்தச் சாவை நினைவில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் பக்கத்தில் எந்தச் சுடுதளத்தைப் பற்றியும் யோசிக்கக் கூடாது. படைகள் பயன்படுத்தும் ரைபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் பாயும். டிராப் தோட்டாவிலிருந்து சிதறும் ஈய பால்ரஸ், கடுகு அளவைவிடச் சற்றுப் பெரியது, இருநூறு முந்நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். ஏர் ரைபிள் குண்டு பத்து மீட்டரில் உள்ள இரும்புப் பெட்டியோடு நின்றுவிடும். மூன்றும் வேறு வேறு. ஆனாலும் டிராப் தளத்துக்கு முன்னால் முந்நூறு மீட்டருக்கு மேல் வீடோ பாதையோ மேய்ச்சலோ இல்லாத வெட்டவெளி இருக்க வேண்டும். சுவர் கட்டிவிட்டோம், பலகை வைத்துவிட்டோம் என்ற சமாதானம் நார்த்தாமலைக்குப் பிறகு செல்லாது.

அடுத்தது ஈயம். டிராப் ஆதரவாளர்கள் பலர் இதைப் பேசுவதே இல்லை. டெல்டாவில் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம். ஒருவர் 125 தட்டு சுட்டால் குறைந்தது மூன்று கிலோ ஈயம் தரையில் விழுகிறது. இருபது மாணவர்கள் கொண்ட ஓர் அணி வாரத்துக்கு ஒரு சுற்று மட்டும் சுட்டாலும் வாரம் 12 கிலோ, நாற்பது வாரத்தில் 480 கிலோ. இதை வெண்ணாற்றங்கரையிலோ வயல் நடுவிலோ கொட்டினால் என்ன ஆகும்? சேறடித்து நடும் மண்ணில் விழுந்த பால்ரஸை யாராலும் திரும்பப் பொறுக்க முடியாது. அது சேற்றோடு கலந்து மெல்ல மெல்லக் கரையும். வாத்து, இரையை அரைக்கச் சிறு கல்லைத் தேடி விழுங்கும் பறவை. கல் என்று நினைத்து ஈயத்தை விழுங்கினால், அதன் இரைப்பையே ஈயத்தை அரைத்து ரத்தத்தில் கலந்துவிடும். அமெரிக்கா 1991-லேயே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தைத் தடை செய்தது. டென்மார்க் 1996-ல் ஈய பால்ரஸையே ஒழித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயத் தோட்டாவுக்குத் தடை போட்டிருக்கிறது.

டெல்டாவோ முழுக்க ஈரநிலம். கோடியக்கரை 2002-லும், வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. சம்பா, தாளடி அறுப்பு முடிந்ததும் வயல்களில் வாத்துப் பட்டிகள் இறங்கி, சிந்திய நெல்லைப் பொறுக்கித் தின்னும். அந்த முட்டையை நாம் சாப்பிடுகிறோம். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டுக் காப்பாற்றிய நஞ்சை நிலத்தில் டிராப் தளம் கூடவே கூடாது.

ஆனால் டெல்டாவின் விளிம்பில் மேட்டுநிலம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி சாலையில் வல்லம் தாண்டினால் மண் நிறம் மாறிவிடும். செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேடு, வானம் பார்த்த பூமி. அதற்குத் தெற்கே புதுக்கோட்டை வரைக்கும் செம்புறைக் காடு. அப்படிப்பட்ட கெட்டித் தரையில் விழும் பால்ரஸை, மழைக்காலத்துக்கு முன் மேல்மண்ணைச் சுரண்டிச் சலித்து எடுத்துவிடலாம், உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். ஓடைக்கும் குளத்துக்கும் தள்ளி, ஆண்டுதோறும் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டும் நிபந்தனையோடு ஒரே ஒரு பொதுத் தளம் போதும். நான்கு டெல்டா மாவட்டத்துக்கும் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் அது பொதுவாக இருக்கட்டும். உடைந்த தட்டுத் துண்டுகளையும் விட்டுவிடக் கூடாது. அவை சுண்ணாம்புக்கல் பொடியும் தார்வகைப் பிசினும் சேர்த்து வார்த்தவை, மண்ணுக்கு உரமாகாது.

அப்படியானால் பள்ளியில் எதைத் தொடங்குவது? ஏர் ரைபிள். பத்து மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள கூடம் இருந்தால் தளம் தயார். மூடிக் கிடக்கும் ஒரு பழைய வகுப்பறைக் கட்டடம் போதும். இருபது ஜூலுக்கு உட்பட்ட, 0.177 அங்குலக் குழல் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. உள்நாட்டில் செய்யும் தொடக்கநிலை ரைபிள் ஆயிரங்களில் கிடைக்கிறது. குண்டு முழுவதும் பெட்டியில் சேர்ந்துவிடுவதால் ஈயம் மண்ணுக்குப் போகாது. பிள்ளைகள் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். சட்டமும் தடையாக இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயதுக்கு முன் உரிமம் கிடையாது. ஆனால் 2016 ஆயுத விதிகள், 12 வயது நிரம்பியவர்களை இளையோர் இலக்குச் சுடுநராக மேற்பார்வையில் பழக அனுமதிக்கின்றன.

அசையாத வட்டத்தைச் சுடுவதும் பறக்கும் தட்டைச் சுடுவதும் ஒரே திறன் இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஏர் ரைபிளில் மூச்சை அடக்கி உடலைக் கல்லாக்க வேண்டும், டிராப்பில் உடல் தட்டோடு சேர்ந்து ஓட வேண்டும். ஆனால் விசையில் எப்போது விரல் வைக்கலாம், எப்போது கூடாது என்ற ஒழுக்கம் இரண்டுக்கும் ஒன்று. ஒரு தவறுக்குப் பின் மனம் கலங்காமல் அடுத்ததற்குத் தயாராவதும் ஒன்றுதான். ஏர் ரைபிளில் இரண்டு ஆண்டு பழகிய ஆயிரம் பிள்ளைகளிலிருந்து, பார்வையும் வேகமும் பொருந்திய இருபது பேரைப் பதினான்கு பதினைந்து வயதில் தேர்ந்து செம்மண் தளத்துக்கு அனுப்பலாம். ஆயிரம் பேர் பழகாமல் அந்த இருபது பேர் கிடைக்க மாட்டார்கள்.

தொடங்குவதற்கு வேண்டிய பல சாமான்கள் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன. எத்தனையோ பள்ளிகளில் என்.சி.சி. இருக்கிறது. முகாமில் .22 ரைபிளில் ஐந்து ரவை சுட்ட மாணவன் அதை ஊருக்கெல்லாம் சொல்லி மாய்வான். ஆனால் அதற்குப் பிறகு அவனுக்குப் போக இடம் இல்லை. தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. திருச்சி கே.கே.நகரில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டி அங்கே நடந்தபோது நடிகர் அஜித்குமார் வந்து சுட்டார், அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைப் போலீஸார் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நின்ற பையன்களில் எத்தனை பேருக்கு மறுநாள் ஒரு ரைபிளைத் தொடும் வழி இருந்தது? திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லிருந்து ராணுவத்துக்கு ஆயுதம் செய்கிறது. பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முறையான பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து அவர்களைத் தளப் பொறுப்பாளர்களாக்கலாம். விளையாட்டு ஆசிரியர் தனியாக இந்தச் சுமையைத் தூக்க முடியாது.

வடுவூரைப் பாருங்கள். பறவை ஏரிக்கு மட்டுமல்ல, கபடிக்கும் பேர்போன ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவர்களும், சொல்லித் தரும் அண்ணன்களும், மாலையானால் கூடும் மைதானமும் இருப்பதால் அங்கே வீரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கபடிக்கு மண்ணும் மனிதர்களும் போதும். துப்பாக்கி சுடுதலுக்குக் கருவியும் தளமும் வேண்டும். அவற்றைத் தருவதுதான் அரசின் வேலை. மற்ற எல்லாமே இந்த ஊர்களில் இருக்கின்றன.

தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-லிருந்து வீரர்களுக்குக் கைகொடுத்து வருகிறது. சாதித்தவருக்குப் பரிசும், போட்டிக்குப் போகிறவருக்குப் பயணச் செலவும் தருவது நல்ல காரியம். ஆனால் தளமே இல்லாத மாவட்டத்திலிருந்து யாரும் சாதித்துவிட்டு வந்து மனு கொடுக்க முடியாது. முதலில் தளம், பிறகுதான் பரிசு.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் தலா ஓர் அரசுப் பள்ளியில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் கூடம் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பாதி இடம் ஒதுக்க வேண்டும். செம்மண் மேட்டில் டிராப் தளத்துக்கு இடம் பார்க்கும் வேலையை, சுற்றுச்சூழல் ஆய்வோடும் ஊராட்சிகளின் சம்மதத்தோடும், இந்த ஆண்டே தொடங்க வேண்டும். விளையாட்டுத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. அதற்கு முதல் மனு ஊரிலிருந்து போக வேண்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, பெற்றோர்கள் அதில் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்மொழியுங்கள்.